கயிற்றின் நிறம்

யூடியூபில் உளவியல் பேசுகிற தம்பிமார்களுக்கு ஒரு பரிசோதனை ரொம்பப் பிடிக்கும். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்கள், வயது பதினான்கு பதினைந்து. பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைப் போட்டுக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிறகு 'நீ க்ளே குழு', 'நீ காண்டின்ஸ்கி குழு' என்று ஒவ்வொருவனிடமும் தனியாகச் சொல்கிறார்கள். உண்மையில் ரசனைக்கும் குழுவுக்கும் சம்பந்தம் கிடையாது, குருட்டாம்போக்கில் பிரித்ததுதான். தன் குழுவில் வேறு யார் யார் என்றும் அவனுக்குத் தெரியாது. இப்போது முகம் தெரியாத இரண்டு பையன்களுக்கு அவன் காசு பிரித்துக் கொடுக்க வேண்டும். தனக்குச் சல்லிக்காசு வராது. கையில் எண்கள் நிரம்பிய அட்டவணை. ஒரு ஓரத்தில் உன் குழுக்காரனுக்கு 19, அடுத்த குழுக்காரனுக்கு 25. மறு ஓரத்தில் உன் ஆளுக்கு 7, அவனுக்கு 1. நடுவில் பல படிகள். தன் ஆளுக்கு லாபம் என்று மட்டும் பார்த்தால் 19-ஐத்தான் தொட வேண்டும். பையன்கள் அங்கே போகவில்லை. தன் ஆளுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்தவனைவிட ஒரு படி மேலே நிற்கட்டும் என்று உள்ளே தள்ளி வந்தார்கள்.

1971-ல் ஹென்றி டாஜ்ஃபெல் மற்ற மூவரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இது. இதைச் சொல்லிவிட்டுத் தம்பிமார்கள் கேமராவைப் பார்த்து ஒரு முடிவுரை வழங்குவார்கள்: "பாத்தீங்களா, நாம அவங்கன்னு பிரிக்கிறது மூளையிலேயே இருக்கு. சாதியும் அப்படித்தான். இயற்கை."

இந்த 'இயற்கை'யோடுதான் என் சண்டை. சமூக உளவியல் என்ற துறையோடு அல்ல. அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதோடு.

டாஜ்ஃபெல் யாரென்று தெரிந்துகொண்டால் அந்த ஆய்வு வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கும். போலந்தில் பிறந்த யூதர். படிக்க பிரான்ஸ் போனவர், போர் வந்ததும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940-ல் ஜெர்மானியர்களிடம் கைதியானார். முகாமில் தான் யூதன் என்பதை அவர் மறைக்கவில்லை; போலந்து யூதன் என்பதைத்தான் மறைத்தார். பிரெஞ்சு யூதன் என்ற முத்திரையில் உயிர் தங்கியது. ஊர் திரும்பும்போது குடும்பத்தில் அநேகமாக யாருமில்லை. அவர் சுபாவம், திறமை, நல்ல குணம் எதுவும் அங்கே கணக்கில் வரவில்லை. ஒட்டியிருந்த சீட்டு மட்டும்தான் கணக்கு. அப்பேர்ப்பட்ட மனிதர் 'குழு சேர்வது மனித இயற்கை, போய் வேலையைப் பாருங்கள்' என்று சொல்லவா பரிசோதனை வைத்திருப்பார்? ஒரு காரணமும் இல்லாமலேயே பாகுபாட்டைக் கிளப்பிவிட முடியும் என்று காட்டினார். அப்படியென்றால், சாதிக்கு நாம் சொல்லும் ஆயிரம் காரணங்களும் — ரத்தம், குணம், பழக்கவழக்கம் — தேவையே இல்லாதவை. அடுத்த வருடமே, 1972-ல், தன் துறையைச் சாடி ஒரு கட்டுரையும் எழுதினார். 'வெற்றிடத்தில் பரிசோதனைகள்' என்று தலைப்பு. அறைக்குள் நுழையும் மனிதன் தன் சமூகத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்பது அதன் சாரம். இதை எந்தத் தம்பியும் வீடியோவில் சொல்லிக் கேட்டதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் புதியம்புத்தூர்க்காரன். ஓட்டப்பிடாரம் தாலுகா, கரிசக்காடு. விவசாயம் கையை விட்ட பிறகு ஊரைத் தூக்கி நிறுத்தியது ரெடிமேட் துணி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்து இறங்கித் தைத்துவிட்டுப் போவார்கள். நூல்கண்டின் நிறம் எங்களுக்குத் துணிக்கு மேட்ச் ஆகிறதா என்கிற கவலை மட்டும்தான். அதே நூல் பள்ளிக்கூடப் பையன் மணிக்கட்டில் ஏறும்போது வேறு பொருளாகிவிடுகிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதியைச் சொல்லிவிடலாம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். எந்த நிறம் எந்தச் சாதி என்று நான் எழுதப்போவதில்லை. தெற்கத்தி ஆட்களுக்கு எழுத வேண்டியதுமில்லை.

2019-ல் பள்ளிக்கல்வித் துறை இந்தக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. உடனே அது அரசியல் சர்ச்சையாகி அமுங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது; மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்; பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்று பல பரிந்துரைகள். டி.வி. விவாதங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தொங்கின. எனக்கு முக்கியமாகப் பட்டது அகரவரிசை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரிஸ்டல் பையனுக்கும் நம் கயிறு கட்டிய பையனுக்கும் என்ன வித்தியாசம்? பிரிஸ்டலில் க்ளே குழு மேலேயும் இல்லை, காண்டின்ஸ்கி குழு கீழேயும் இல்லை. மணியடித்தால் குழு கலைந்துவிடும். 'நம்ம க்ளேக்காரன் பொண்ணத்தான் கட்டணும்' என்று எந்தத் தாத்தாவும் சொல்லப்போவதில்லை. நம்மிடம் பக்கம் பக்கமாக நிற்கும் குழுக்கள் இல்லை, ஒன்றின் தலைமேல் ஒன்று நிற்கும் குழுக்கள். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான்.

அம்பேத்கர் பெயர் இங்கே மரியாதைக்காக வரவில்லை. சமூக உளவியலின் வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தை யாரும் கொடுப்பதில்லை என்பது என் வெகுநாள் ஆதங்கம். இந்தத் துறையின் பெயரைத் தாங்கிய இரண்டு பாடநூல்கள் 1908-ல் வந்தன. ஒன்று வில்லியம் மக்டூகல் எழுதியது, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளுணர்வுகள் இருக்கின்றன என்று ஆரம்பிக்கும். இன்னொன்று எட்வர்ட் ராஸ் எழுதியது. கேப்ரியல் டார்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் சிந்தனையைப் பின்பற்றி, மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதிலிருந்து சமூகத்தை விளக்கப் பார்க்கும். எட்டு வருடம் கழித்து, 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். சாதி எப்படிப் பரவியது என்ற கேள்விக்கு அவர் கையிலெடுத்த கருவி டார்ட்டின் போலச்செய்தல் விதிகள். போலச்செய்தல் மேலிருந்து கீழே வழியும்; கிட்டே இருப்பவர்கள் அதிகமாகவும் தள்ளி இருப்பவர்கள் குறைவாகவும் போலச்செய்வார்கள். பிராமணர்களுக்கு அடுத்த படியில் இருந்த சாதிகள் குழந்தைத் திருமணம், விதவைக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதையும், தூரம் கூடக்கூட இறுக்கம் தளர்ந்ததையும் ஆதாரமாகக் காட்டுகிறார். ஒரு குழு தன் கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்தது வெளியே நிற்க நேர்ந்து, அதுவும் தன் கதவைச் சாத்திக்கொள்கிறது. இதில் 'இயற்கை' எங்கே இருக்கிறது? பார்த்துச் செய்ததுதான்.

கயிறும் அப்படித்தான் பரவியது. ஒரு வகுப்பில் நாலு பேர் ஒரே நிறத்தில் கட்டிக்கொண்டு வந்தால் அடுத்த மாதம் இன்னொரு நாலு பேர் இன்னொரு நிறத்தில் வருவான். கட்டாதவன் தனித்துத் தெரிவான். கடைசியில், "எல, நீ எந்தக் கயிறு?" என்கிற கேள்விக்கு 'கயிறே இல்லை' என்பதும் ஒரு பதிலாகிவிடும். அதற்கும் ஒரு சாதியை ஒட்டிவிடுவார்கள். யூடியூப் தம்பிமார்கள் மக்டூகலின் பேரன்கள். நமக்கு வேண்டியது அந்த 1916 வழி.

நாம் பெருமையாகச் சொல்லும் ஒரு விஷயம் இங்கே உறுத்துகிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் கூடாது என்றது. இன்று வகுப்பு வருகைப் பதிவேட்டில் எவன் பெயருக்குப் பின்னாலும் சாதி கிடையாது, இனிஷியல்தான். வடநாட்டு நண்பர்கள் இதைக் கேட்டால் மூக்கில் விரல் வைப்பார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் பெயர் சொல்ல மறுத்ததைச் சொல்வதற்கு வேறு வழிகள் முளைத்தன. பெரியவர்கள் "தம்பிக்கு எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அவ்வளவு பொறுமை இல்லாத பையன்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள்.

ஆய்வு செய்கிறவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு வேறு. தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. அருமையான முறை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தால் படுத்துவிடும். மு.முருகன் என்ற பெயரை வைத்துக்கொண்டு எவன் என்ன கண்டுபிடிப்பான்? ஊர்ப் பெயரை, தெருப் பெயரை, படித்த பள்ளியை மாற்றிப் பார்க்கும் வேறொரு முறை வேண்டும். பாடநூல் முறைகள் எல்லா மண்ணிலும் முளைக்கும் விதைகள் அல்ல.

சரி, நேரே போய்க் கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கா? ஒண்ணா மண்ணாத்தான் இருக்கோம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கர் 1934-ல் ஒரு கட்டுரை எழுதினார். சீனத் தம்பதி ஒருவரோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றி, 251 ஓட்டல்களிலும் விடுதிகளிலும் நுழைந்திருக்கிறார். ஒரே ஒரு இடத்தில்தான் முடியாது என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு 'சீனர்களை அனுமதிப்பீர்களா?' என்று கேட்டார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் 'மாட்டோம்'. சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்கு எல்லாப் பாடநூலிலும் வரும் உதாரணம். நம் ஊரில் இது தலைகீழ். கடிதத்துக்கு 'தாராளமாக வரலாம்' என்று பதில் வரும். வாசலுக்குப் போனால்தான் தெரியும்.

கயிறு என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிக நெருக்கமான ஆய்வு கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களிடம் செய்தது. 2006-ல் ஒரு பகுதி வெளிவந்தது. உயர்சாதிப் பையன்கள் 321, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் 321. காகிதத்தில் புதிர்ப்பாதை வரைந்து கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள்; தீர்த்ததற்குத் தக்கபடி காசு. சாதியைப் பற்றி மூச்சு விடாதபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தீர்த்தது. ஆரம்பத்திலேயே ஒவ்வொருவனின் பெயர், அப்பா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு விட்டபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அதே பையன்கள், அதே மூளை. பின்னர் வந்த அவர்களது கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. சாதி வாரியாகப் பிரித்து உட்கார வைத்தபோது உயர்சாதிப் பையன்களும் சறுக்கினார்கள். அந்த அறையில் ஒரு தடவை வாசித்ததைக் கயிறு ஒவ்வொரு பீரியடும் வாசிக்கிறது. சந்துரு அறிக்கையின் அகரவரிசைக்கு இவ்வளவு பொருள் உண்டு.

எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். 2015-ல் உளவியல் ஆய்வுகள் நூறை எடுத்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் வெற்றி கண்டவை, திரும்பச் செய்ததில் 36 சதவீதம்தான் தேறின. அடையாளத்தை நினைவூட்டினால் திறன் இறங்கும் என்ற வகை ஆய்வுகளிலும் சில, பெரிய அளவில் செய்தபோது சுருங்கிவிட்டன. ஆகவே ஒற்றை ஆய்வை வேதவாக்காகத் தூக்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்துப் புதிரை இங்கேயும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கயிறு, கறுப்புக் கயிறு, கயிறில்லாத அறை என்று மூன்று விதமாக. பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிற யாராவது இதை வாசித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உரிமை கேட்க மாட்டேன்.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் மேல் ஓர் இளக்காரம் உண்டு. கரிசல்காட்டில் பூமணியின் 'வெக்கை' இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒரு கொலை செய்கிறான். அப்பனோடு காட்டில் அலைகிறான். எட்டு நாள் கதை. வாசித்து முடிக்கும்போது நமக்கு அந்தப் பையன் 'கெட்டவன்' என்று தோன்றுவதில்லை. அவனைச் சுற்றி என்னென்ன நெருக்கியது என்று தெரிந்திருக்கும். ஆள் மட்டுமல்ல, ஆள் நிற்கும் சூழலும் சேர்ந்ததுதான் நடத்தை என்று குர்ட் லெவின் சூத்திரமாக எழுதியதை பூமணி கதையாக எழுதியிருக்கிறார். ஆனால் நாவல் செய்யாத ஒரு வேலை உண்டு. சூழலில் எந்த ஆணியைப் பிடுங்கினால் எது விழும் என்று அது சொல்லாது, அது அதன் வேலையும் இல்லை. நாளைக் காலையில் வகுப்பறைக்குள் போக வேண்டிய ஆசிரியருக்கு அந்த ஆணி வேண்டும்.

ஆணி என்று நான் நினைப்பது, யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்பது. கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்னார், வெறும் பழக்கம் வெறுப்பைக் குறைக்காது. சம அந்தஸ்து, பொது இலக்கு, கூட்டு வேலை, மேலே இருப்பவர்களின் ஆதரவு நான்கும் வேண்டும் என்று. எங்கள் ஊர்த் தையல் யூனிட்களை நான் இந்தக் கண்ணோடு பார்ப்பதுண்டு. ஒருவர் கட்டிங், ஒருவர் ஓவர்லாக், ஒருவர் காஜா, ஒருவர் அயர்ன். காஜா எடுக்கிறவர் லீவு போட்டால் அத்தனை பீஸும் தேங்கும். பொது இலக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வெவ்வேறு சாதிக்காரர்கள் மெஷினுக்கு மெஷின் ஒட்டி உட்கார்ந்து பேசிச் சிரித்து, மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வேன் ஊருக்குள் நுழைந்ததும் அவரவர் நிறுத்தத்தில் இறங்கி அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள். சல்மா மூசா 2020-ல் இராக்கில் கிறிஸ்தவ, முஸ்லிம் வீரர்களைக் கலந்து கால்பந்து அணிகள் அமைத்து ஆய்ந்தார். மைதானத்தில் நட்பு கூடியது, மைதானத்துக்கு வெளியே பெரிதாக நீளவில்லை. வேன் நிறுத்தம் அங்கேயும் இருக்கிறது போல.

இதற்கு முக்கியமான இந்திய ஆய்வு மாட் லோ 2021-ல் வெளியிட்டது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கிரிக்கெட் லீக் நடத்தி, இளைஞர்களைக் குலுக்கல் முறையில் அணி பிரித்தார். சில அணிகளில் ஒரே சாதிப் பிரிவு, சில அணிகள் கலப்பு. ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதிக்காரனை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் அது பெரும்பாலும் குறைந்தது. பழக்கம் என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு எதிரெதிர்ச் சரக்கு.

இதை நான் வாசித்தபோது நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துக் கபடிதான். ஊர் ஊராகப் போட்டி, ஊருக்குள் தெருத் தெருவாக டீம். தெரு என்றாலே சாதி என்பதால் டீமும் சாதி. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதும் 'அவங்க'தான். லோ எதைக் கெடுதல் என்று கண்டாரோ அதையே நாம் கொட்டு அடித்து, சீரியல் லைட் போட்டு, வருடா வருடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். 2025 மார்ச்சில் எங்கள் மாவட்டத்திலேயே, ஸ்ரீவைகுண்டம் பக்கம், பதினோராம் வகுப்பு தலித் மாணவன் பரீட்சைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இழுத்து வெட்டப்பட்டான். கை விரல்கள் துண்டாயின. கபடியில் ஜெயித்ததற்கான வன்மம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

சின்ன வயதில் நாங்கள் உத்தி பிரிப்போம். இரண்டு இரண்டு பேராகத் தள்ளிப் போய், ஆளுக்கொரு கள்ளப்பேர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டு வந்து தலைவன்களிடம் கேட்போம்: "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" எவன் எந்தப் பக்கம் போவான் என்று யாருக்கும் தெரியாது. குலுக்கல் முறை என்று புள்ளியியல்காரர்கள் சொல்வதை அரைடிராயரோடு செய்திருக்கிறோம். என்ன, உத்திக்கு வந்த அத்தனை பேரும் ஒரே தெரு.

அரசுப் பள்ளிகளில் 2024-ல் 'மகிழ் முற்றம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிப்பது. டாஜ்ஃபெல்லின் காண்டின்ஸ்கி குழுவை நல்ல காரியத்துக்குத் திருப்பிவிடும் வாய்ப்பு இதில் இருக்கிறது. பெயர்ப் பலகை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டு ஆண்டு விழாவுக்கு மட்டும் எடுத்தால் ஒன்றும் நடக்காது. முல்லை ஒரு கபடி டீமாக வருடம் முழுக்க ஆடி, முல்லை தோற்றால் எல்லாத் தெருப் பையனும் சேர்ந்து அழுகிற அளவுக்குப் போனால் ஏதாவது நடக்கலாம்.

ஊரில் போட்டி நடத்துகிற அண்ணாச்சி ஒருவரிடம், டீமைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் என்ன என்று கேட்டேன். நோட்டீஸில் பரிசு கொடுப்பவர்கள் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "பிரிக்கலாம். விளையாடவும் செய்வானுவ. ஜெயிச்சா கப்பை எந்தத் தெருவுல கொண்டு வைக்க, அதச் சொல்லுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் என்றால் ஹெட்மாஸ்டர் ரூம் அலமாரியில் வைத்துவிடலாம். ஊருக்குள் அப்படியொரு அலமாரி எது என்று இருவரும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். கோயில், சாவடி, சங்கக் கட்டிடம், நூலகம். நூலகத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார்.